டேட்டா கேட்ட கேள்வி, பிக்கார்ட் சொல்லாத பதில்

ஒரே ஒரு வசனம். சொல்லி முடிக்க பத்து செகண்ட்கூட ஆகாது. அந்த பத்து செகண்டுக்காக ஒரு முழு எபிசோடை, அமெரிக்காவில் அது வந்து பதினேழு வருஷம் ஆகும்வரை பிபிசி காட்டவே இல்லை.

தொடர்: ஸ்டார் ட்ரெக், தி நெக்ஸ்ட் ஜெனரேஷன். மூன்றாவது சீசன், பன்னிரண்டாவது எபிசோட். பெயர் 'தி ஹை கிரவுண்ட்'. அமெரிக்காவில் 1990 ஜனவரி கடைசியில் வந்தது. போன வாரம் இதை மறுபடி பொறுமையாக உட்கார்ந்து பார்த்தேன். இந்த எபிசோடைப் பற்றி ட்ரெக் ரசிகர்கள் பேச ஆரம்பித்தால் அந்த ஒரு வசனத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு என்னவோ வசனத்துக்கு அடுத்து வருவதுதான் விஷயம் என்று படுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

ட்ரெக் பக்கமே போகாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இருபத்து நான்காம் நூற்றாண்டு. என்டர்பிரைஸ் என்ற விண்கலம். கேப்டன் ழான் லூக் பிக்கார்ட் (பேட்ரிக் ஸ்டூவர்ட், மனுஷன் பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்). அவருக்கு அடுத்த இடத்தில் ரைக்கர். கப்பலின் டாக்டர் பெவர்லி க்ரஷர். அப்புறம் டேட்டா. மனித உருவில் ஒரு ஆண்ட்ராய்ட். 'அது' என்பதா 'அவர்' என்பதா? இந்த எபிசோடை எழுதிய மெலிண்டா ஸ்நாட்கிராஸ்தான் அதற்கு முந்தைய வருஷம் 'தி மெஷர் ஆஃப் எ மேன்' எழுதினார். டேட்டா ஒரு பொருளா, ஆளா என்று வழக்கே நடக்கும் அதில். பார்த்தவங்க யாரும் 'அது' என்று சொல்ல மாட்டாங்க.

கதைக்கு வருவோம். ருட்டியா என்ற கிரகம். அங்கே மேற்குக் கண்டத்தில் இருக்கும் அன்சாட்டா என்ற கூட்டம் தன்னாட்சி கேட்டுப் பல பத்தாண்டுகளாகச் சண்டை போடுகிறது. என்டர்பிரைஸ் மருந்துப் பொருட்கள் கொண்டு வருகிறது. தலைநகரில் ஒரு குண்டு வெடிக்கிறது. மேலே வந்துவிடு என்று பிக்கார்ட் உத்தரவு போட்டும் கேட்காமல் க்ரஷர் காயம்பட்டவங்களைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார். காற்றிலிருந்து குதித்த மாதிரி ஒருத்தன் தோன்றி அவரைத் தூக்கிக்கொண்டு மறைகிறான்.

அந்த மறையும் வித்தைதான் கதையின் நல்ல கற்பனை. எந்தக் கருவியாலும் தடம் பிடிக்க முடியாதபடி இடம் விட்டு இடம் தாவும் ஒரு சாதனம் அன்சாட்டாவிடம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தாவலும் தாவுகிறவனின் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. டிஎன்ஏ கெட்டு ஒவ்வொருத்தராகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குத்தான் டாக்டர் தேவைப்படுகிறது. எதிரியைக் கொல்ல எடுத்த ஆயுதம் எடுத்தவனையே தின்கிறது என்று வசனம் எதுவும் இல்லாமலே சொல்லிவிட்டாங்க. சும்மா சொல்லக் கூடாது, அது பளிச்.

தலைவன் பெயர் கைரில் ஃபின். குகைக்குள் உட்கார்ந்து படம் வரைகிறான். கைதியாக இருக்கும் டாக்டரையே வரைகிறான். கொலைகாரன் கையில் பென்சிலைக் கொடுத்து அவனும் மனுஷன்தான் என்று காட்டுகிற உத்தி, கொஞ்சம் பழசு. அவனுடைய பதின்மூன்று வயசுப் பையன் காவலில் செத்துப்போனான் என்று பின்னால் தெரிய வருகிறது. எதிர்ப்பக்கம் டெவோஸ் என்ற பெண் போலீஸ் அதிகாரி. இந்த வேலைக்கு வரும்போது நான் மிதவாதியாகத்தான் வந்தேன் என்கிறார். வந்து சில நாளில் ஒரு வாகனத்தில் குண்டு வெடித்து அறுபது பள்ளிக் குழந்தைகள் சாகிறார்கள். போலீஸ் வண்டிக்கு வைத்தது, தவறுதலாக நடந்துவிட்டது என்று அன்சாட்டா சொல்கிறது. தவறு என்று சொன்னால் சரியாகிவிடுமா என்று அவர் கேட்கும்போது குரல் உயர்வதில்லை. எபிசோடிலேயே நல்ல நடிப்பு அதுதான் என்பேன்.

இனி அந்த வசனம். டேட்டா தன் பாணியில் சரித்திரத்தை எல்லாம் புரட்டிவிட்டு கேப்டனிடம் வருகிறார். அரசியல் மாற்றம் கொண்டுவர பயங்கரவாதம் பலன் தருகிற வழியாகத்தான் தெரிகிறதே என்கிறார். துப்பாக்கி முனையிலிருந்து அதிகாரம் பிறக்கும் என்பதை நான் எப்போதும் ஏற்றதில்லை என்கிறார் பிக்கார்ட். டேட்டா விடவில்லை, உதாரணம் அடுக்குகிறார். ஸ்பெயினிடமிருந்து மெக்சிகோ பெற்ற விடுதலை. 2024-ல் அயர்லாந்து ஒன்றுபட்டது. அப்புறம் கென்சி கலகம் என்று ஒன்று (இது சுத்தக் கற்பனை).

2024-ல் அயர்லாந்து ஒன்றுபட்டது. இதுதான் வம்பு.

1990-ல் எழுதினவங்களுக்கு 2024 என்பது தொலைதூரக் கற்பனை. ஆனால் பிரிட்டனில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு? ஐ.ஆர்.ஏ. குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. இந்தத் தொடரோ பிபிசி இரண்டாம் சேனலில் சின்னப் பசங்களும் பார்க்கிற சாயங்கால நேரத்தில் வந்தது. அதில் ஒரு நல்ல பாத்திரம் வந்து, உங்க ஊரில் குண்டு வைத்தவங்கதான் கடைசியில் ஜெயித்தாங்க என்று தகவல் சொல்கிற தொனியில் சொல்கிறது. பிபிசி அந்த எபிசோடைத் தாண்டிப் போய்விட்டது. அயர்லாந்திலும் அப்போது அது வரவில்லை.

இதை மட்டும் கேட்டால் பிபிசி மேல் எனக்குக் கோபம் வராது. 1993 மார்ச்சில் வாரிங்டன் கடைத்தெருவில் வெடித்த குண்டுகளில் செத்தது இரண்டு சிறுவர்கள். அந்த மாதிரி வாரத்தில் இந்த வசனத்தை ஒளிபரப்பாமல் இருப்பதுதான் மனுஷத்தன்மை. ஒரு வாரம், ஒரு வருஷம், சரி. ராத்திரி லேட்டாக ஒருநாள் போட்டிருக்கலாமே? 2007 செப்டம்பர் வரைக்கும் போடவில்லை என்றால் அது வேற மாதிரி ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இந்த எபிசோடைவிட சுவாரஸ்யமான கதை கிடைக்கிறது.

1985-ல் மார்கரெட் தாட்சர் ஒரு கூட்டத்தில் பேசினார். பயங்கரவாதிகளுக்கு விளம்பரம்தான் பிராணவாயு, அதை நிறுத்தினால் மூச்சு நின்றுவிடும் என்பது சாராம்சம். மூன்று வருஷம் கழித்து, 1988 அக்டோபரில், அவருடைய அரசு ஒரு உத்தரவு போட்டது. வட அயர்லாந்தின் பதினொரு அமைப்புகளைச் சேர்ந்தவர்களின் குரலை ரேடியோவிலும் டிவியிலும் ஒலிபரப்பக் கூடாது. ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபெய்ன் கட்சியும் பட்டியலில் உண்டு. அது சட்டப்படி நடந்துகொண்டிருந்த கட்சி! அதன் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸ் அப்போது மேற்கு பெல்ஃபாஸ்டின் எம்.பி. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆளின் குரலை அந்த ஜனங்களே டிவியில் கேட்க முடியாது.

இங்கேதான் கூத்து. உத்தரவு தடுத்தது குரலை. முகத்தை இல்லை, அவர் சொன்ன சொல்லையும் இல்லை. டிவிக்காரங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? ஆடம்ஸ் பேசும் காட்சியைப் போட்டு, அதே வார்த்தைகளை ஒரு நடிகரை விட்டு டப்பிங் பேச வைத்துவிட்டார்கள். உதட்டசைவுகூட ஒட்டும். அப்படிக் குரல் கொடுத்தவர்களில் ஸ்டீபன் ரியாவும் ஒருத்தர். 'தி க்ரையிங் கேம்' படத்தில் ஐ.ஆர்.ஏ. ஆளாகவே நடித்து ஆஸ்கருக்குப் பரிந்துரையானாரே, அவரேதான். தேர்தல் பிரசாரக் காலத்தில் மட்டும் தடை தளரும், அப்போது சொந்தக் குரல் வரும். தேர்தல் முடிந்ததும் மறுபடி டப்பிங். நம்ம ஊர் டப்பிங் யூனியன் ஆளுங்க கேட்டால் பொறாமைப்படுவாங்க :-)

அந்த உத்தரவு கற்பனைக் கதைகளைக் குறிவைத்தது இல்லை. டேட்டா வாயை மூட அதில் இடம் கிடையாது. ஆனால் உண்மையான ஆளுக்கே டப்பிங் போடுகிற நாட்டில், ஒரு ஆண்ட்ராய்ட் சொல்கிற சரித்திரத்தைப் போடலாமா வேண்டாமா என்று நிலைய அதிகாரி யோசித்தால் எந்தப் பக்கம் சாய்வார்? அயர்லாந்துக் குடியரசிலும் இதே நிலைமைதான். அங்கே ஒலிபரப்புச் சட்டத்தின் 31-வது பிரிவு எழுபதுகளிலிருந்தே இன்னும் இறுக்கமாக இருந்தது. 1994 ஜனவரியில்தான் அது காலாவதியாக விடப்பட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. 'தி ஹை கிரவுண்ட்' கதையே விளம்பரம் பற்றியதுதான். ஃபின் ஏன் என்டர்பிரைஸைத் தாக்குகிறான்? அவன் ஆட்கள் கப்பலுக்குள் தாவி இயந்திர அறையில் குண்டு வைக்கிறார்கள். கடைசி நொடியில் ஜோர்டி அதைப் பிய்த்து வெளியே அனுப்பிக் காப்பாற்றுகிறார். அப்புறம் ஃபின்னே வந்து பிக்கார்டையும் தூக்கிக்கொண்டு போகிறான். கூட்டமைப்பின் கப்பலைத் தொட்டால்தான் வெளியுலகம் திரும்பிப் பார்க்கும், ருட்டியாவை நெருக்கும் என்பது கணக்கு. எழுபது வருஷம் கத்தியும் கேட்காத காதில் ஒரு குண்டு கேட்கும் என்கிறான். அந்தத் தந்திரத்தைப் பற்றிய கதைக்கு பிபிசி தந்த பதில், அதே தந்திரத்துக்கு தாட்சர் தந்த பதில். அதாவது காதைப் பொத்திக்கொள்.

பொத்தினது யார் காதை? 1993 நவம்பரில் ஒரு செய்தி வெடித்தது. இந்த ஆட்களோடு பேசுவதை நினைத்தாலே வயிற்றைப் புரட்டுகிறது என்கிற மாதிரி நாடாளுமன்றத்தில் சொன்ன பிரதமர் ஜான் மேஜரின் அரசே, ஐ.ஆர்.ஏ.வுடன் ரகசியத் தொடர்பு வைத்திருந்தது அம்பலமானது. பேசினது தப்பு என்று நான் சொல்லவில்லை. பேசினதால்தான் பின்னால் ஏதோ நடந்தது. ஆனால் அமைச்சரகம் கேட்டுக்கொண்டிருந்த குரலை, வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கிறவன் மட்டும் கேட்கக் கூடாது. அவனுக்கு டப்பிங்தான். 1994 ஆகஸ்ட் 31-ல் ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது, செப்டம்பர் 16-ல் குரல் தடை விலகியது. ஆறு வருஷத் தடையால் ஒரு குண்டாவது வெடிக்காமல் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, பிபிசியைத் திட்டியாச்சு. இனி எபிசோடையும் கொஞ்சம் கவனிப்போம். 'தடை செய்யப்பட்ட எபிசோட்' என்ற பெருமையிலேயே இது ஏதோ துணிச்சலான படைப்பு என்று பல ரசிகர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அவ்வளவு மரியாதை வரவில்லை.

அன்சாட்டாவுக்கு என்ன வேண்டும்? தன்னாட்சி. ஏன் வேண்டும்? நாற்பத்தைந்து நிமிஷத்தில் யாரும் சொல்லவே இல்லை. மொழியா, மதமா, நிலமா, வேலையா? ருட்டியாக்காரனும் அன்சாட்டாக்காரனும் பார்க்க ஒரே மாதிரி. ஒரே பேச்சு. வித்தியாசமாகத் தெரிவது அவர்கள் தலைமுடியில் ஒரு வெள்ளைக் கீற்று, அவ்வளவுதான். வட அயர்லாந்தில் 1960-களின் கடைசியில் ஜனங்கள் தெருவுக்கு வந்தது எதற்கு? உள்ளாட்சித் தேர்தலில் எல்லாருக்கும் ஓட்டு, வீடு ஒதுக்குவதில் பாரபட்சம் கூடாது, தொகுதி எல்லைகளை இஷ்டத்துக்கு வளைக்கக் கூடாது. இவ்வளவு ஸ்தூலமான விஷயங்கள். அதையெல்லாம் உருவிவிட்டு 'சுதந்திரம்' என்ற ஒரு மொட்டைச் சொல்லை மட்டும் ஃபின் வாயில் வைத்தால், அவன் எதற்காகக் கொல்கிறான் என்று பார்க்கிறவனுக்கு எப்படிப் புரியும்?

ஸ்நாட்கிராஸ் இதை முதலில் வேறு மாதிரி யோசித்தாராம். அமெரிக்கப் புரட்சியின் சாயலில் ஒரு கதை, அதில் பிக்கார்டுக்கு பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் இடம். அதாவது நம்ம ஹீரோ தப்பான பக்கம். மேலே இருந்தவங்க, வேண்டாம், வட அயர்லாந்து மாதிரி பண்ணு என்றார்கள் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். நினைச்சுப் பாருங்க, அது வந்திருந்தால்! அதன் எச்சம் ஒரே ஒரு காட்சியில் இருக்கிறது. ஃபின் டாக்டரிடம், உங்க வாஷிங்டன் யாரு என்று கேட்கிறான். அவர் தளபதி, பயங்கரவாதி இல்லை என்கிறார் டாக்டர். ஜெயிச்சா தளபதி, தோத்தா பயங்கரவாதி என்கிறான் ஃபின். டாக்டரிடம் அதற்குப் பதில் இல்லை. அப்பாவிகளைக் கொல்கிறாயே என்று கத்துகிறார். அது நியாயமான கத்தல். ஆனால் ஃபின் கேட்டதற்கு அது பதில் இல்லை.

(இன்னொன்று. இதே ஸ்நாட்கிராஸ் 1989-ல் எழுதிய 'அப் தி லாங் லேடர்' எபிசோடில் ஐரிஷ்காரங்க வருவாங்க. சாராயம், ஆடு மாடு, கோழி, சண்டை. அதைத் தாராளமாகப் போடலாம், இந்த ஒற்றை வசனத்தைப் போடக் கூடாது. ஐரிஷ்காரங்களுக்கு எதில் அதிகம் வலிச்சிருக்கும்னு யாராவது கேட்டாங்களா?)

இப்போ மையத்துக்கு வரேன். வசனம் முடிந்ததும் டேட்டா ஒரு கேள்வி கேட்கிறார். அமைதியான வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகு பயங்கரவாதம் ஏற்கத்தக்கது என்று சொல்லலாமா? எவ்வளவு சுத்தமான கேள்வி! பிக்கார்டின் பதில்: மனிதகுலம் காலம் காலமாக இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டுகிறது, உன் குழப்பம் மனுஷத்தனமானதுதான். டேட்டா மனிதனாக ஆசைப்படுகிறவர் இல்லையா, அதனால் இது அவருக்குச் செல்லமாக ஒரு தட்டு. ரசிகர்கள் உருகுவார்கள். நானும் பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் குரலில் ஒரு நிமிஷம் உருகினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது வாத்தியார் பதில் தெரியாதபோது, நல்ல கேள்வி, உட்காரு என்று சொல்கிற மாதிரி இல்லை?

பிக்கார்டிடம் பதில் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் டேட்டா கொடுத்த உதாரணங்களிலேயே அது இருக்கிறது.

மெக்சிகோவை எடுத்துக்குங்க. 1810-ல் ஹிடால்கோ பாதிரியார் ஆரம்பித்த கலகம். குவானஹுவாத்தோவில் தானியக் களஞ்சியத்துக்குள் ஒளிந்தவர்களை எல்லாம் கூட்டம் கொன்று தீர்த்தது. ஸ்பெயின் திருப்பிக் கொன்றது, அடுத்த வருஷமே ஹிடால்கோவின் தலை வெட்டப்பட்டு அதே களஞ்சியத்தில் தொங்கியது. பத்து வருஷம் ரத்தம். முடிவு எப்படி வந்தது? கலகக்காரர்களை வேட்டையாட அரசு அனுப்பிய இத்தூர்பிதே என்ற படைத்தலைவரே 1821-ல் எதிரித் தலைவர் கெர்ரேரோவுடன் பேசி ஒரு உடன்படிக்கைக்கு வந்தார். அதன்பின் சில மாதங்களில் விடுதலை. குண்டு ஜெயிக்கவில்லை, கலகத்தை ஒடுக்கினவனும் ஜெயிக்கவில்லை. இரண்டு பேரும் ஓய்ந்துபோய் உட்கார்ந்து பேசின நாளில்தான் கதை மாறியது.

அடுத்தது அயர்லாந்து. 2024 வந்தது, போனது. தீவு ஒன்றுபடவில்லை, எல்லை அப்படியே இருக்கிறது. டேட்டா சொன்னது பலிக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் பிப்ரவரி 3-ம் தேதி, ஷின் ஃபெய்ன் கட்சியின் மிஷெல் ஓ'நீல் வட அயர்லாந்தின் முதலமைச்சரானார். ஐரிஷ் தேசியவாதிகள் தரப்பிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். அந்த எபிசோட் வந்த வருஷம் இந்தக் கட்சிக்காரங்களின் குரலையே டிவியில் போட முடியாது என்பதை மறக்காதீங்க. ட்ரெக் ரசிகர்கள் அன்றைக்கு டேட்டாவின் படத்தைப் போட்டுக் கொண்டாடியது வேற விஷயம்.

நடுவில் என்ன நடந்தது? சுமார் 3,500 பேர் செத்தார்கள், அதில் பாதிக்கு மேல் ஆயுதம் தொடாத சாதாரண ஜனங்கள். 1994 போர்நிறுத்தம் 1996 பிப்ரவரியில் லண்டன் குண்டோடு உடைந்தது. 1997 ஜூலையில் மறுபடி போர்நிறுத்தம். செப்டம்பரில் ஷின் ஃபெய்ன் பேச்சுவார்த்தை அறைக்குள் வந்தது. 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளி அன்று ஒப்பந்தம். மே மாதம் வாக்கெடுப்பில் வடக்கே 71 சதவீதம், தெற்கே 94 சதவீதம் ஆமாம் என்றார்கள். வடக்கின் பெரும்பான்மை விரும்பினால் ஓட்டுப் போட்டு ஒன்றுசேரலாம், விரும்பாதவரை பிரிட்டனோடு இருக்கும் என்பது அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆகஸ்ட்டில் ஒப்பந்தத்தை ஏற்காத ஒரு கூட்டம் ஓமா ஊரில் குண்டு வைத்து 29 பேரைக் கொன்றது. அதற்குப் பிறகும் ஒப்பந்தம் உடையவில்லை. 2005 ஜூலையில் ஐ.ஆர்.ஏ. ஆயுதப் போராட்டம் முடிந்தது என்று அறிவித்தது.

ஆக, டேட்டா கேட்டதில் 'அமைதி வழிகள் அடைபட்ட பிறகு' என்ற பகுதியைத்தான் பிக்கார்ட் பிடித்திருக்க வேண்டும். வழி தானாக அடைபடுமா? யாரோ அடைக்கிறார்கள். ஓட்டைக் குறுக்குகிறவன் அடைக்கிறான், பஸ்ஸில் குண்டு வைக்கிறவன் அடைக்கிறான், தேர்ந்தெடுத்த எம்.பி.க்கு டப்பிங் போடச் சொல்கிறவனும் அடைக்கிறான். கொலையை ஏற்கிறாயா இல்லையா என்பதற்கு என் பதில் இல்லை என்பதுதான், அதில் எனக்குக் குழப்பமே கிடையாது. அறுபது குழந்தைகள் செத்த பஸ்ஸுக்கு எந்த விடுதலையும் விலை ஆகாது. ஆனால் அந்த 'இல்லை'யைச் சொன்னதும் வேலை முடிந்தது என்று பிக்கார்டும் நினைக்கிறார், எழுதினவங்களும் நினைத்துவிட்டார்கள். அடைத்த கதவை யார் திறப்பது, யாரிடம் முதலில் பேசுவது? ருட்டியாவில் அதைக் கேட்க ஆளே இல்லை. ஊர் ஊராகப் போய் சமரசம் பேசுவதையே தொழிலாக வைத்திருக்கும் கேப்டன், இந்த ஒரு கிரகத்தில் மட்டும் பேச்சுவார்த்தை நடத்திப் பார்க்கவில்லை!

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு வேறொரு தீவு ஞாபகத்துக்கு வரும். தெரியும். இந்தப் பதிவில் அதற்குள் போகவில்லை, அதை ஓரத்தில் நாலு வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது.

கடைசிக் காட்சிக்கு வரேன். டாக்டரை மீட்கப் போகிறார்கள். டெவோஸ் ஃபின்னைச் சுட்டுக் கொல்கிறார். கொன்றிருக்க வேண்டாமே என்கிறார் ரைக்கர். உயிரோடு பிடித்தால் அவனை விடுவிக்க இன்னும் ரத்தம் சிந்துவார்கள், செத்தால் தியாகி ஆவான், ஆனால் சாவு கொஞ்ச நாளைக்காவது குறையும் என்று கணக்குச் சொல்கிறார் டெவோஸ். எபிசோட் இந்தக் கணக்கை எதிர்க்கவே இல்லை, கசப்பான யதார்த்தம் என்று விட்டுவிடுகிறது.

வட அயர்லாந்தில் அந்தக் கணக்கு தப்பு என்று இரண்டு தரமாவது தெரிந்தது. 1981-ல் சிறையில் உண்ணாவிரதம் இருந்த பாபி சாண்ட்ஸ், சாவதற்கு ஒரு மாதம் முன்பு எம்.பி.யாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரோடு சேர்த்துப் பத்துப் பேர் பட்டினியால் செத்தார்கள். சாவு குறையவில்லை. ஐ.ஆர்.ஏ.வுக்குப் புது ஆட்கள் சேர்ந்தார்கள். மறுபக்கம், 1998 ஜனவரியில் பேச்சுவார்த்தை ஆட்டம் கண்டபோது பிரிட்டிஷ் அமைச்சர் மோ மௌலம் நேராக மேஸ் சிறைக்குள் போனார். பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பதற்காகக் கொலை செய்துவிட்டு உள்ளே இருந்த விசுவாசத் தரப்புக் கைதிகள் முன்னால் உட்கார்ந்து, பேச்சுவார்த்தைக்கு ஆதரவை நிறுத்தாதீங்க என்று கேட்டார். எவ்வளவு திட்டு வாங்கியிருப்பார் யோசிங்க. அந்தக் கைதிகள் சம்மதித்தார்கள், அவர்கள் கட்சி மேசையில் தொடர்ந்தது. கைதிகளை உயிரோடு வைத்திருந்ததால்தான் போய்ப் பேச ஒரு ஆள் இருந்தான். டெவோஸ் மாதிரி எல்லாரையும் சுட்டிருந்தால் மௌலம் யாரிடம் போய்ப் பேசியிருப்பார்?

ஃபின் விழுந்ததும் ஒரு சின்னப் பையன் டெவோஸை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான். டாக்டர் அவனிடம் பேசி இறக்க வைக்கிறார். இவனும் வந்துட்டான், இது முடியவே முடியாதா என்கிற மாதிரி டெவோஸ் சலித்துக்கொள்ள, ஒரு பையன் துப்பாக்கியை இறக்கியதில்தான் முடிவு தொடங்குகிறதோ என்னவோ என்கிறார் ரைக்கர். முன்பு பார்த்தபோது இது அழகாகப் பட்டது. இப்போ பார்த்தால், முதலில் ஆயுதத்தை இறக்க வேண்டிய பொறுப்பு முழுக்க அந்தப் பையன் தலையிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவனுக்கு அப்புறம் என்ன ஆச்சு? டெவோஸின் ஆட்கள் அவனை எங்கே கொண்டுபோனார்கள்? ஃபின் மகனும் கிட்டத்தட்ட அவன் வயசுக்காரன்தானே, காவலில் செத்தது? கப்பல் அடுத்த கிரகத்துக்குக் கிளம்பிவிட்டது.

இந்த எபிசோட் பற்றி உள்ளே இருந்தவங்களுக்கே திருப்தி இல்லை. பயங்கரவாதம் கெட்டது என்பதைத் தவிர இதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை என்ற மாதிரி பின்னாளில் ரொனால்ட் மூர் சொன்னார், அவர் அந்த எழுத்தாளர் குழுவில் இருந்தவர். ஆனால் மனுஷன் அதோடு விடவில்லை. பதினாறு வருஷம் கழித்து, 2006-ல், தன்னுடைய 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'வில் நம்ம கதாநாயகர்களையே ஆக்கிரமிக்கப்பட்ட ஜனங்களாக்கி, அவர்களில் ஒருத்தனைத் தற்கொலைக் குண்டோடு அனுப்பினார். அமெரிக்கா இராக்கில் இருந்த சமயம் அது! பார்த்தவங்களுக்கு எந்தப் பக்கம் நிற்பதென்றே தெரியாமல் போனது.

ட்ரெக்குக்குள்ளேயே பதில் தேடினால் 'டீப் ஸ்பேஸ் நைன்' இருக்கிறது. அதில் கீரா என்ற நாயகியே முன்னாள் போராளி, குண்டு வைத்தவள். 1997-ல் வந்த 'தி டார்க்னஸ் அண்ட் தி லைட்' பாருங்க. அவள் குழு வைத்த குண்டில் முகம் சிதைந்த ஒருத்தன், அந்த வீட்டில் வேலைக்காரனாக இருந்தவன், அவளுடைய பழைய தோழர்களை ஒவ்வொருத்தராகக் கொல்கிறான். கடைசியில் அவளைக் கட்டிப்போட்டு, நான் உன்னை என்ன பண்ணினேன் என்று கேட்கிறான். அவள் மன்னிப்புக் கேட்பதில்லை. எங்க மண்ணில் நீங்க இருந்தீங்க, அதனால் எல்லாருமே குறிதான் என்கிறாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அந்த நிமிஷம் அவளைப் பார்க்க முடியவில்லை. குண்டில் சிக்கினவனும் குண்டு வைத்தவளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற அந்தப் பத்து நிமிஷம் 'தி ஹை கிரவுண்ட்' முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

பார்க்காதவங்க இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்க. 'தி ஹை கிரவுண்ட்' இப்போது எங்கே கிடைத்தாலும் வெட்டாமல்தான் கிடைக்கிறது, 2024-ம் உள்ளேயே இருக்கிறது. வசனம் வந்ததும் நிறுத்திவிட்டு நண்பனுக்குச் சொல்லப் போயிடாதீங்க. அதற்கு அடுத்த வரியில் டேட்டா கேட்கிறதைக் கேளுங்க.